கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?

எனது வாப்பாவின் கடையில் ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. அதற்குள் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் வருட வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். யாராவது வந்து "முதலாளி, என் கணக்கு எவ்வளவு?" என்று கேட்டால் வாப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுப்பார், அலுமாரியைத் திறப்பார், பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். அந்தக் கடையில் மூன்று கணக்குப்பிள்ளைகள் மாறினார்கள். பேரேடு அங்கேயே இருந்தது. பேரேடு விற்ற புத்தகக் கடைக்காரர் திரும்பி வந்து, "இதைத் திறந்து பார்ப்பதற்கு எனக்குக் காசு தாருங்கள்" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று அந்த அலுமாரி எனது ஹாட்வெயார் கடையில் இருக்கிறது. கணக்கு கணனிக்குள் போய் விட்டது. எனது சொந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்பதை 2024ஆம் ஆண்டில்தான் நான் அறிந்து கொண்டேன். அந்த அனுபவத்தையும், அதன் பின்னர் தேடிப் படித்தவற்றையும் இவ்வாரம் எழுதுகிறேன். கடையில் கணனி வைத்திருக்கும் சகோதரர்களும், வைக்கப் போகும் சகோதரர்களும் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

எனது கடையில் நடந்தது

2016இல் கொழும்பிலுள்ள ஒரு சிறிய கம்பனியிடம் பில் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். முதலில் ஒரு தொகை, பின்னர் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம். எட்டு வருடங்கள் நன்றாகவே வேலை செய்தது. ஆணி, கதவுப் பூட்டு முதல் தகரம், சீமெந்து வரை சுமார் ஒன்பதாயிரம் சாமான்களின் பெயரும் விலையும் அதற்குள் இருந்தன. கடன் வாடிக்கையாளர்களின் வரவு செலவும் அதற்குள்தான்.

2024 ஜனவரியில் வற் 18 வீதமாக உயர்ந்தது. பதிவு செய்ய வேண்டிய எல்லையும் வருடமொன்றுக்கு 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைந்தது. எங்களைப் போன்ற நடுத்தரக் கடைகள் பல அப்போதுதான் கணக்கைச் சீர்படுத்த ஓடின. எனது மகன் புதிய மென்பொருள் ஒன்றுக்கு மாறுவோம் என்றார். சரி என்றேன். பழைய கம்பனிக்கு அழைத்து, "தம்பி, எனது சாமான் பட்டியலையும் கடன் கணக்கையும் எடுத்துத் தாருங்கள், புதியதில் போட வேண்டும்" என்றேன்.

"ஹாஜியார், ரிப்போர்ட் எல்லாவற்றையும் நீங்களே பிரின்ட் எடுக்கலாம். டேட்டாபேஸைத் திறக்கும் கடவுச்சொல் எங்களுடையது, அதைக் கொடுக்க மாட்டோம். நாங்கள் எடுத்துத் தருவதென்றால் அது தனி வேலை" என்றார் அந்தத் தம்பி. அந்தத் தனி வேலைக்கு ஒன்றே முக்கால் இலட்சம் ரூபா. புதிய மென்பொருளின் விலையே இரண்டு இலட்சம்தான். கோபம் வந்தது. "வேண்டாம்" என்று போனை வைத்து விட்டேன். மகனும் கடைப் பையன் ஒருவரும் மூன்று வாரங்கள் இரவில் இருந்து ஒன்பதாயிரம் சாமான்களையும் கையால் தட்டினார்கள். கடன் நிலுவைகளைக் கடைசியாகப் பிரின்ட் எடுத்த பட்டியலிலிருந்து ஏற்றினோம். இதற்கிடையில் பராமரிப்புக் காலம் முடிந்தது. ஒரு காலையில் பழைய மென்பொருளைத் திறந்தால், புதுப்பிக்கும்படி ஒரு திரை மட்டும் வந்தது. எட்டு வருடக் கணக்கு அதற்குப் பின்னால்.

அடுத்த கிழமை ஒரு மேசன் பாஸ் வந்தார். இருபது வருடப் பழக்கம். பட்டியலின்படி அவர் ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரம் தர வேண்டும். அவரோ அறுபதாயிரம் ஏற்கனவே கொடுத்து விட்டதாகவும், நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் காசாளரிடம் கொடுத்ததாகவும் சொன்னார். பற்றுச்சீட்டு அவரிடம் இல்லை. "பாஸ், கணக்கில் இல்லையே" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "முதலாளி சொன்னால் கட்டுகிறேன். ஆனால் நான் கொடுத்தேன்" என்றார்.

வாப்பாவின் காலமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். இப்போது புரட்டப் பக்கம் இல்லை. அவரைப் பொறுக்கச் சொல்லி விட்டு, பழைய கம்பனியிடம் திரும்பப் போய், கடன் கணக்கை மட்டும் நாற்பதாயிரம் ரூபா கொடுத்து எடுத்தேன். அறுபதாயிரம் அதில் இருந்தது. அடுத்த ஊரில் அதே பெயருடைய இன்னொருவரின் கணக்கில் எங்கள் காசாளர் பதிந்திருந்தார். நான் பிடிவாதமாக நின்றிருந்தால் ஒரு மனிதரின் காசை இரண்டு முறை வாங்கியிருப்பேன். பட்டியலை நம்பி, மனிதரைச் சந்தேகித்திருப்பேன்.

கம்பனியைக் குறை சொல்வதற்கு முன்னர் எனது குறையையும் சொல்ல வேண்டும். 2016இல் ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையொப்பமிட்டவன் நான்தான்.

மென்பொருள் வேறு, தரவு வேறு

நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். மென்பொருள் என்பது கணக்கெழுதும் இயந்திரம். அதைச் செய்தவர் கம்பனிக்காரர், நாம் அதைப் பாவிப்பதற்கு மட்டும் அனுமதி வாங்குகிறோம். தரவு என்பது நாம் அதற்குள் எழுதியவை. நமது சாமான், நமது கொள்விலை, நமது வாடிக்கையாளர், நமது கடன். அது நமது வியர்வை.

ஒரு களஞ்சியத்தை வாடகைக்கு எடுப்பது போல இதை நினைத்துக் கொள்ளுங்கள். கட்டடம் மற்றவருடையது, உள்ளே இருக்கும் சீமெந்து மூடைகள் நம்முடையவை. வாடகை முடிந்தால் கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் மூடைகளை ஏற்றிப் போக லொறி வாசலுக்கு வர வேண்டுமல்லவா? வாசல் நமது லொறி நுழைய முடியாத அளவில் இருந்தால், மூடை நமது பெயரில் இருந்து என்ன பயன்?

பூட்டு எங்கே விழுகிறது?

தரவு கணனிக்குள் அட்டவணைகளாக இருக்கிறது. சாமானுக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஓர் அட்டவணை, கடனாளிக்கு ஓர் அட்டவணை. இவை எல்லாம் சேர்ந்ததுதான் டேட்டாபேஸ். நாம் பார்க்கும் திரையும் ரிப்போர்ட்டும் அதன் ஜன்னல்கள் மாத்திரமே. பூட்டு பல இடங்களில் விழலாம்.

முதலாவது, டேட்டாபேஸின் கடவுச்சொல். கணனி நமது மேசையில் இருந்தாலும் அந்தச் சொல் கம்பனியிடம் இருக்கும்.

இரண்டாவது, பேக்கப். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்தக் கோப்பை அதே மென்பொருள் மட்டுமே திறக்கும் என்றால், மென்பொருள் நின்ற அன்றே பேக்கப்பும் நின்று விடும்.

மூன்றாவது, ரிப்போர்ட்டின் வடிவம். பீ.டீ.எஃப். கோப்பு வாசிப்பதற்கு நல்லது. ஆனால் ஒன்பதாயிரம் வரிகளை அதிலிருந்து புதிய மென்பொருளுக்குள் அப்படியே ஏற்ற முடியாது. எக்செல் அல்லது சீ.எஸ்.வீ. வடிவில் வந்தால்தான் அது சுலபமாக நடக்கும்.

நான்காவது, இன்றைய இணைய வழி மென்பொருள்கள். இதில் கணக்கு நமது கடையிலேயே இல்லை, கம்பனியின் சேர்வரில் இருக்கிறது. வேறொரு மென்பொருள் அங்கிருந்து தரவை எடுப்பதற்கு ஏ.பி.ஐ. என்ற ஒரு வாசல் வைப்பார்கள். அந்த வாசலைத் திறப்பதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை திறப்பது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் கம்பனியின் முடிவு. இன்று இலவசமாக இருப்பது நாளை கட்டணமாகலாம்.

கம்பனிகள் சொல்லும் நியாயம்

அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். மென்பொருள் துறையில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் எனக்கு விளக்கினார். ஒரு பில்லைப் பதியும்போது சாமான் கையிருப்பு, கடனாளி நிலுவை, வரி என்று பல அட்டவணைகள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கடைக்காரர் நேரடியாக உள்ளே போய் ஓர் எண்ணை மட்டும் திருத்தினால் மற்றவை பொருந்தாமல் போகும். பின்னர் "உங்கள் மென்பொருள் பிழை" என்று கம்பனியைத்தான் ஏசுவார்கள். கடவுச்சொல் வெளியே போனால் ஒரு வேலையாளே கொள்விலைப் பட்டியலைப் போட்டிக் கடைக்குக் கொடுக்கவும் முடியும்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் உள்ளே எழுதுவதற்குத்தான் பொருந்தும். வாசிப்பதற்கு மட்டும் அனுமதிக்கும் தனிக் கடவுச்சொல் ஒன்றை உண்டாக்குவது டேட்டாபேஸ்களில் சாதாரண விடயம். அதைக் கொண்டு பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. அதையும் தர மறுத்தால், பாதுகாப்புக்கு அப்பால் இன்னொரு காரணம் இருக்கிறதா என்று நாம் யோசிக்க வேண்டும். வெளியேறுவது கஷ்டமாக இருந்தால் வாடிக்கையாளர் வெளியேற மாட்டார். அடுத்த வருடம் கட்டணத்தை உயர்த்தினாலும் கட்டுவார்.

அமெரிக்க வாகன விற்பனையாளர்களின் கதை

இது சிறு கடைக்காரரின் பிரச்சினை மட்டுமென்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. அமெரிக்காவில் புதிய கார் விற்கும் நிறுவனங்களின் முழுக் கணக்கும் ஒரு வகை மேலாண்மை மென்பொருளில் ஓடுகிறது. அந்தச் சந்தையின் பெரும் பகுதி சிடிகே குளோபல், ரெனால்ட்ஸ் அன்ட் ரெனால்ட்ஸ் என்ற இரண்டு கம்பனிகளிடம் இருந்தது.

கார் விற்பவர் தனது வாடிக்கையாளருக்குச் சேர்விஸ் நாளை நினைவூட்ட வேறொரு கம்பனியை வைத்திருப்பார். அந்தக் கம்பனிக்கு வாடிக்கையாளர் விபரம் வேண்டும். எனவே விற்பனையாளர் தனது கடவுச்சொல்லை ஒதென்டிகொம் போன்ற இடைத்தரகு நிறுவனத்துக்குக் கொடுப்பார். அது தரவை எடுத்து, ஒழுங்குபடுத்தி, உரிய இடத்துக்கு அனுப்பும். பாதுகாப்பைக் காரணம் காட்டி முதலில் ரெனால்ட்ஸும், பின்னர் சிடிகேயும் இந்த வழியை அடைத்தன. தமது சொந்தக் கட்டண வழியால்தான் தரவு போக வேண்டும் என்றன. 2015இல் இரு கம்பனிகளும் இது பற்றித் தமக்குள் உடன்படிக்கையும் செய்து கொண்டன.

ஒதென்டிகொம் 2017இல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் அதற்குச் சார்பாகத் தடையுத்தரவு கொடுத்தது. அதே வருடம் நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. விற்பனையாளர்களும் ஏனைய மென்பொருள் கம்பனிகளும் தனித்தனியே வழக்காடினார்கள். 2024இல் சிடிகே விற்பனையாளர்களுடன் 10 கோடி டொலருக்கும், மென்பொருள் கம்பனிகளுடன் 63 கோடி டொலருக்கும் இணக்கத்துக்கு வந்தது. இவை இணக்கங்கள், குற்றத் தீர்ப்புகள் அல்ல. ஆனாலும் முதல் வழக்கிலிருந்து ஏழு வருடங்கள் சென்றன என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு காலம் வழக்காட நம்மில் யாரால் முடியும்?

இடையில் அரிசோனா மாநிலம் 2019இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. விற்பனையாளர் தனது தரவை யாருக்குக் கொடுக்க விரும்புகிறாரோ அதை மென்பொருள் கம்பனி தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரு கம்பனிகளும் அதை எதிர்த்தன. 2021 ஒக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குத் தடை விதிக்க மறுத்து விட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. 2024 ஜூனில் சிடிகே மீது கணனித் தாக்குதல் நடந்தது. சுமார் 15,000 விற்பனை நிலையங்கள் பாவித்த மென்பொருள் நின்று போனது. பல இடங்களில் காகிதத்திலும் பேனையிலும் கணக்கெழுதினார்கள். எல்லாம் வழமைக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சென்றன. ஒரே இடத்தில் மட்டும் கணக்கை வைத்திருப்பதன் ஆபத்து இதுதான்.

இலண்டனில் ஒரு தீர்ப்பு

2017 பெப்ரவரியில் இலண்டன் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்குப் போட்டது ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் கம்பனி. எதிராளி டியாஜியோ என்ற மதுபானக் கம்பனி. அவர்களின் வியாபாரம் நமக்கு வேண்டாம், அவர்களின் வழக்கு நமக்குப் பாடம்.

டியாஜியோவின் கணக்கு எஸ்.ஏ.பி. மென்பொருளில் இருந்தது. அதன் வாடிக்கையாளர்கள் முன்பு தொலைபேசியில் ஓடர் கொடுத்தார்கள். பின்னர் அவர்களே நேரடியாக ஓடர் போடுவதற்கு, வேறொரு கம்பனியின் தளத்தில் ஒரு செயலியை டியாஜியோ உருவாக்கியது. அந்தச் செயலி பின்னால் எஸ்.ஏ.பி.யுடன் பேசியது. "அப்படியானால் உங்கள் வாடிக்கையாளர்களும் எங்கள் மென்பொருளைப் பாவிக்கிறார்கள், அதற்கும் கட்டணம் தர வேண்டும்" என்று எஸ்.ஏ.பி. 5 கோடியே 40 இலட்சம் பவுணுக்கு மேல் கேட்டது. ஒப்பந்தத்தின்படி அது மறைமுகப் பாவனைதான், கட்டணம் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு என்பதை அந்தத் தீர்ப்பில் முடிவு செய்யவில்லை. இதன் பின்னர் பல வாடிக்கையாளர்கள் கலங்கினார்கள். 2018இல் எஸ்.ஏ.பி. இந்த வகைப் பாவனைக்குப் புதிய கட்டண முறையொன்றை அறிவித்தது.

அவ்வளவு பெரிய கம்பனிக்கும் சட்டத்தரணிகள் இருந்தார்கள். இருந்தும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வசனமே வென்றது.

சட்டம் நமக்கு உதவுமா?

ஐரோப்பிய ஒன்றியம் தரவுச் சட்டம் ஒன்றை இயற்றி, 2025 செப்டெம்பர் 12 முதல் நடைமுறைப்படுத்தியது. இணைய வழிச் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாடிக்கையாளரைத் தடுக்கக் கூடாது, அவரது தரவை எடுத்துப் போக விட வேண்டும் என்கிறது அது. மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அறவிடவே முடியாது என்பதும் அதில் உண்டு.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது தனி மனிதர்களின் தகவல்களைப் பாதுகாப்பதற்கானது. எனது கடையின் சீமெந்துக் கையிருப்பும் கொள்விலையும் அதற்குள் வராது. ஆகவே கடைக்காரரின் கையில் உள்ள முதல் ஆயுதம் ஒப்பந்தம்தான். அதைக் கையொப்பமிடுவதற்கு முன்னர் மட்டுமே தீட்ட முடியும்.

வாங்குவதற்கு முன்னர் கேட்க வேண்டியவை

1. எனது முழுத் தரவையும் நானே எக்செல் அல்லது சீ.எஸ்.வீ. வடிவில் எடுக்க முடியுமா? "முடியும்" என்று சொன்னால் போதாது, எனக்கு முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. வாசிப்பதற்கு மட்டுமான கடவுச்சொல் ஒன்று எனக்குத் தருவீர்களா?

3. பேக்கப் கோப்பை உங்கள் மென்பொருள் இல்லாமல் திறக்க முடியுமா?

4. நான் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? எத்தனை நாட்களுக்கு? வருமான வரிக்காக ஐந்து வருடக் கணக்கைப் பேண வேண்டிய நமக்கு இது மிக முக்கியம்.

5. நான் விலகும்போது தரவை எடுத்துத் தர எவ்வளவு? அந்தத் தொகையை இன்றே எழுதுங்கள். விலை பேச வேண்டியது வாங்கும்போது, விலகும்போதல்ல.

6. வேறொரு மென்பொருளை இதனுடன் இணைத்தால் மேலதிகக் கட்டணம் உண்டா?

7. உங்கள் கம்பனி மூடப்பட்டால் எனது கணக்கின் நிலை என்ன?

பதில்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நல்ல கம்பனிகள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். எனது புதிய கம்பனிக்காரர் ஐந்து கேள்விகளுக்கு உடனே எழுதித் தந்தார், இரண்டுக்கு ஒரு கிழமை தவணை கேட்டார். கொடுத்தேன்.

ஏற்கனவே வாங்கி விட்டவர்கள் கைவிரிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாத முடிவிலும் நான்கு பட்டியல்களை எடுத்து வையுங்கள்: கடனாளிகளின் நிலுவை, நாம் கொடுக்க வேண்டியவை, கொள்விலையுடன் சாமான் கையிருப்பு, அம்மாதப் பில்களும் பற்றுகளும். ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கவும் முதல் மூன்றும்தான் வேண்டும். ஒரு பிரதியைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். எடுத்ததை இன்னொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாதது போலத்தான். கடனாளிப் பட்டியலைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்தால் நல்லது.

அந்த மேசன் பாஸ் இப்போதும் வருகிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது சிரித்து விட்டு, "முதலாளி, இனி நானும் துண்டைப் பத்திரமாக வைக்கிறேன்" என்றார். மாத முடிவில் பட்டியல்களை எடுத்ததும் மகன் பென் டிரைவையும் கடனாளிக் காகிதங்களையும் என்னிடம் தருவார். வாப்பாவின் அலுமாரியைத் திறந்து, பேரேடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுகிறேன். சாவி எனது இடுப்பில் இருக்கிறது.